யாருக்கு உச்ச ஊதியம்?

நுழையும் முன்

பள்ளி மைதானத்தில் இரண்டு தலைவர்கள் அணி பிரிக்கும்போது, நன்றாக விளையாடுபவர் முதலில் அழைக்கப்படுவார். அங்கே அழைப்பதற்குச் செலவு இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை இருந்து, நம் கையிலுள்ள பணமும் அளவோடு இருந்தால், தேர்வு அவ்வளவு எளிதாக இராது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவருக்குக் கிள்ளிக் கொடுக்கவும் இயலாமல் போகலாம். அத்தகைய தேர்வை எவ்வாறு செய்வது என்பதைக் கூடைப்பந்து விளையாட்டின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

பாவனை லீக் என்பது யாது?

உண்மையான போட்டித் தொடரின் விதிகளைக் கொண்டு கணினியில் நடத்தப்படும் தொடரைப் ‘பாவனை லீக்’ என இப்பாடத்தில் வழங்குவோம். இதில் நாம் பந்தைத் தொடுவதில்லை. அணியின் மேலாளராக அமர்ந்து, வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், ஒப்பந்தம் செய்கிறோம், யார் எத்தனை நிமிடம் ஆடுவது என முடிவெடுக்கிறோம். ஆட்டத்தைக் கணினி நடத்தி முடிவைத் தருகிறது. ஒவ்வொரு வீரருக்கும் எறிதல், தடுத்தல், வேகம், உயரம் முதலியவற்றிற்கு மதிப்பெண்கள் உண்டு. அவற்றோடு தற்செயலும் சேர்ந்தே முடிவு அமைகிறது.

இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தை, அதாவது என்.பி.ஏ. தொடரை, முன்மாதிரியாகக் கொண்டவை. அத்தொடரில் 30 அணிகள் உள்ளன. அவற்றுள் 29 அணிகள் அமெரிக்காவையும் ஓர் அணி கனடாவின் டொராண்டோ நகரையும் சார்ந்தவை. வழக்கமான ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். உண்மையில் பல மாதங்கள் நடக்கும் அப்பருவத்தைக் கணினி சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆகவே பாவனை லீக்கில் பத்துப் பருவங்களின் விளைவை ஒரே மாலையில் கண்டுவிடலாம்.

பணத்திற்கு ஓர் எல்லை

பணம் மிகுந்த அணிகளே சிறந்த வீரர்கள் அனைவரையும் வாங்கிவிட்டால் போட்டி சுவையற்றுப் போகும். இதனைத் தவிர்க்க, ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துத் தரும் ஊதியத்திற்கு எல்லை வகுக்கப்படுகிறது. இதுவே ஊதிய உச்சவரம்பு. என்.பி.ஏ. 1984–85ஆம் பருவத்தில் இம்முறையைக் கொண்டுவந்தபோது உச்சவரம்பு 36 லட்சம் டாலர். 2024–25ஆம் பருவத்தில் அது 14 கோடியே 5 லட்சத்து 88 ஆயிரம் டாலர். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 39 மடங்கு உயர்ந்துள்ளது. அணி தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள இவ்வரம்பைக் கடக்கலாம் என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் அளவு மீறினால் கூடுதல் வரி செலுத்த வேண்டும்.

நமக்கு நன்கு அறிமுகமான ஐ.பி.எல். ஏலத்திலும் இத்தகைய எல்லை உண்டு. 2025ஆம் பருவத்திற்கு ஒவ்வோர் அணியும் 120 கோடி ரூபாய்க்குள் வீரர்களைத் திரட்ட வேண்டியிருந்தது. லக்னோ அணி ரிஷப் பந்த் ஒருவருக்கே 27 கோடி ரூபாய் அளித்தது. அது மொத்தத் தொகையில் 22.5 விழுக்காடு.

என்.பி.ஏ. விதிகளில் மற்றோர் எல்லையும் உள்ளது. தனி ஒரு வீரரின் ஊதியமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. பொதுவாக, ஆறு ஆண்டுகள் வரை அனுபவம் உள்ளவர் புதிய ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் உச்சவரம்பில் 25 விழுக்காடு வரை பெறலாம். ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆடியவர் 30 விழுக்காடும், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆடியவர் 35 விழுக்காடும் பெறலாம். இந்த அளவை முழுமையாகத் தொடும் ஒப்பந்தமே ‘உச்ச ஒப்பந்தம்’ ஆகும். 2024–25ஆம் பருவக் கணக்கில் 35 விழுக்காடு என்பது 4 கோடியே 92 லட்சத்து 5 ஆயிரத்து 800 டாலர்.

ஓர் அணியில் வழக்கமாக 15 வீரர்கள் இருப்பர். இருவருக்கு 35 விழுக்காடு வீதம் கொடுத்தால் 70 விழுக்காடு தீர்ந்துவிடும். எஞ்சிய 13 பேருக்கும் சேர்த்து உச்சவரம்பிற்குள் மீதமிருப்பது 30 விழுக்காடே. எனவே உச்ச ஒப்பந்தம் ஒருவரைப் பற்றிய முடிவு மட்டும் அன்று. அது மற்ற பதின்மூவரின் இடத்தையும் தீர்மானிக்கும் முடிவு.

புள்ளிகள் மட்டும் போதுமா?

மேலாளராகப் புதிதாக அமர்பவர் முதலில் பார்ப்பது, யார் அதிகப் புள்ளி எடுக்கிறார் என்பதைத்தான். அது இயல்பு. ஆனால் அப்புள்ளிகளை எடுக்க அவர் எத்தனை முறை பந்தை எறிந்தார் என்பதையும் உடன் பார்க்க வேண்டும். காரணம், கூடைப்பந்தில் பந்து கையில் கிடைக்கும் வாய்ப்பு எல்லையற்றது அன்று.

முற்காலத்தில் முன்னிலை பெற்ற அணி பந்தை எறியாமலே கைமாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தும். 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19–18 என்ற கணக்கில் வென்றது. பார்வையாளர்கள் சலிப்படைந்தனர். இத்தகைய ஆட்டங்களால் விளையாட்டே நலியும் என அஞ்சியவர்களுள் ஒருவர் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன். சுவையான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன என அவர் கணித்தார். ஆட்ட நேரம் 48 நிமிடம். அதாவது 2880 வினாடி. அதனை 120ஆல் வகுத்தால் 24 கிடைக்கிறது. 1954 முதல், பந்தைப் பெற்ற அணி 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

ஆகவே ஒவ்வோர் எறிதலும் அணியின் பொதுச் செல்வம். அதனை ஒருவர் செலவிட்டால் மற்றொருவர் செலவிட இயலாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வீரர் 24 முறை எறிந்து 24 புள்ளி எடுக்கிறார். மற்றொருவர் 14 முறை எறிந்து 20 புள்ளி எடுக்கிறார். பட்டியலில் முதலாமவரே மேலே நிற்பார். ஆனால் இரண்டாமவர் பயன்படுத்தாத 10 எறிதல்கள் அவருடைய தோழர்களுக்குக் கிடைக்கின்றன. அவர்கள் எறிதலுக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தால்கூட 10 புள்ளி சேரும். அதே 24 எறிதல்களில் முதல் அணிக்கு 24 புள்ளி. இரண்டாம் அணிக்கு 30 புள்ளி.

இதனால் அதிகம் எறிபவர் அனைவரும் தன்னலமிக்கவர் என முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லாருடைய கண்ணும் தம்மீது இருக்கும்போது, நேரம் தீரும் தறுவாயில், கடினமான எறிதலை ஏற்பவரும் அணிக்குத் தேவை. 14 முறை எறிந்து நன்கு ஆடுபவரிடம் 24 எறிதல்களைக் கொடுத்தால் அவருடைய திறனும் சற்றுக் குறையலாம். ஆதலால் எத்தனை புள்ளி, எத்தனை எறிதல், எத்தகைய சூழல் என்னும் மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஏட்டில் ஏறாத ஆட்டம்

1961–62ஆம் பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2ஆம் நாள் நடந்த ஆட்டத்தில் அவர் தனி ஒருவராக 100 புள்ளி குவித்தார். இவ்விரு சாதனைகளையும் இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. அதே பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல் எடுத்த சராசரி 18.9 புள்ளி. ஆயினும் அப்பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது ரஸ்ஸலுக்கே கிடைத்தது. அக்காலத்தில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் களத்தில் ஆடிய வீரர்களே என்பது குறிப்பிடத்தக்கது. இரு அணிகளும் இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்றில் மோதின. ஏழாவது ஆட்டத்தில் 109–107 என்ற கணக்கில் பாஸ்டன் வென்று, பின்னர்க் கோப்பையையும் கைப்பற்றியது.

ரஸ்ஸலின் பெருமை தடுப்பாட்டத்தில் இருந்தது. எதிரணியினர் எறியும் பந்தை வானிலேயே மறித்து, அதனைத் தம் தோழர்களின் கைக்குத் தட்டிவிடுவதில் அவர் வல்லவர். 13 பருவங்களில் 11 முறை அவர் அணி கோப்பை வென்றது. ஆனால் அவர் எத்தனை எறிதல்களை மறித்தார் என்பதற்கு அதிகாரப்பூர்வக் கணக்கே இல்லை. என்.பி.ஏ. அதனைக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973–74ஆம் பருவத்தில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969இல். அவர் மிகச் சிறப்பாகச் செய்த வேலை ஏட்டில் ஏறவே இல்லை.

1965இல் சேம்பர்லின் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்பின் ரஸ்ஸல் 1,00,001 டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த ஒரு டாலர் செலவுக்கானது அன்று. புள்ளிப் பட்டியலில் தெரியாத உழைப்பும் புள்ளி எடுப்பதற்குக் குறைந்ததன்று என்பதற்கான அடையாளம் அது.

சேம்பர்லினையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1966–67ஆம் பருவத்தில், பிலடெல்பியாவின் மற்றோர் அணியில் ஆடிய அவர், தாம் எறிவதைக் குறைத்துத் தோழர்களுக்குப் பந்தை மிகுதியாக வழங்கினார். அவருடைய சராசரி 24.1 புள்ளியாகக் குறைந்தது. அவருடைய அணியோ 68 ஆட்டங்களில் வென்று, ரஸ்ஸலின் அணியையும் வீழ்த்திக் கோப்பையைப் பெற்றது. சராசரி பாதியாகக் குறைந்த பருவமே அவருக்கு முதல் கோப்பையைத் தந்தது.

ஏட்டில் ஏறாத ஆட்டத்தை அளக்க இன்று ஒரு வழி உண்டு. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எவ்வளவு முன்னிலை பெறுகிறது, அவர் வெளியே அமரும்போது எவ்வளவு பெறுகிறது என ஒப்பிடுவதே அது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் ‘களவேறுபாடு’ எனக் கொள்வோம். இதுவும் குறையற்றது அன்று. உடன் ஆடும் நால்வரும் திறமைசாலிகளாக இருந்தால் ஐந்தாமவரின் எண்ணும் உயரும். ஆதலின் ஒரு சில ஆட்டங்களை மட்டும் பார்க்காமல், பல பருவங்களின் எண்ணைப் பார்ப்பதே முறை.

கூரையைத் தொடுபவரும் தாண்டுபவரும்

உச்ச ஒப்பந்தத்தின் நுட்பம் இங்கேதான் உள்ளது. ஊதியத்திற்கு மேல் எல்லை, அதாவது ஒரு கூரை, இருப்பதால் மிகச் சிறந்தவரும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரும் ஒரே தொகையைப் பெறக்கூடும்.

கூடைப்பந்தில் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் ஐவர் மட்டுமே. சிறந்த வீரர் 48 நிமிடங்களில் 35 நிமிடங்களுக்கு மேலும் ஆடுவார். தாக்குதல், தடுத்தல் இரண்டிலும் பங்கேற்பார். பதினொருவர் ஆடும் கால்பந்தையும் கிரிக்கெட்டையும் விட இங்கே ஒருவரின் செல்வாக்கு மிகுதி. ஆகவே மிகச் சிறந்த ஒருவரின் உண்மை மதிப்பு, விதி அனுமதிக்கும் ஊதியத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

ஓர் எளிய கணக்கு: கூரை 30 கோடி எனக் கொள்வோம். ஒருவரால் அணிக்கு விளையும் பயன் 45 கோடிக்கு நிகரானது என்றால், அவருக்கு 30 கோடி கொடுத்தாலும் அணிக்கு 15 கோடி மிச்சம். மற்றொருவரால் விளையும் பயன் 22 கோடிக்கு நிகரானது. அவரும் 30 கோடி கேட்கிறார். கொடுத்தால் அணிக்கு 8 கோடி இழப்பு. இருவருக்கும் விலை ஒன்றே. ஒருவர் அணியை உயர்த்துகிறார். மற்றவரின் ஒப்பந்தம் அணியை அழுத்துகிறது. இரண்டாமவர் திறமையற்றவர் அல்லர். 22 கோடிக்கு அவர் சிறந்த தேர்வு. 30 கோடிக்கு அவர் சுமை.

எனவே ‘இவர் நல்ல வீரரா?’ என்பது சரியான கேள்வி அன்று. ‘இவர் இல்லையென்றால், இவருடைய இடத்தில் குறைந்த ஊதியத்திற்கு வேறு யார் கிடைப்பார்? அவருக்கும் இவருக்கும் இடைவெளி எவ்வளவு?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இடைவெளி கூரையைவிடப் பெரிதாக இருப்பவருக்கே உச்ச ஒப்பந்தம் பொருந்தும்.

ஒப்பந்தம் நாளைக்கு உரியது

ஊதியம் நேற்றைய ஆட்டத்திற்கான பரிசு போலத் தோன்றினாலும், அது வரவிருக்கும் ஆண்டுகளுக்காகக் கொடுக்கப்படுவது. 31 வயது வீரருக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தால், அது முடியும்போது அவருக்கு வயது 36. பொதுவாகக் கூடைப்பந்து வீரர்கள் இருபதுகளின் பிற்பகுதியில் முழுத் திறனை எட்டி, முப்பதுகளில் படிப்படியாக வேகம் இழக்கின்றனர். பாவனை லீக்கிலும் வயதுக்கேற்ப மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் உண்டு.

வயதைக் கணிக்கலாம், காயத்தைக் கணிப்பது அரிது. இதற்கு இரு வரலாறுகள் சான்று. சிகாகோ புல்ஸ் அணியின் டெரிக் ரோஸ் 2011இல், தம் 22ஆம் வயதில், மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவ்விருதை அவ்வளவு இளம் வயதில் பெற்றவர் வேறு எவரும் இலர். அவ்வாண்டு இறுதியில் அணி அவருடன் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அன்று அதனைத் தவறென்று சொல்ல யாருக்கும் காரணம் இருந்திருக்காது. 2012 ஏப்ரல் 28ஆம் நாள் நடந்த ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் ஆடினார். ஆயினும் பழைய உயரத்தை மீண்டும் எட்ட முடியவில்லை.

அதே காலத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டெஃபன் கரி கணுக்கால் காயத்தால் துன்புற்றார். 2011–12ஆம் பருவத்தில் அவர் ஆடியவை 26 ஆட்டங்கள் மட்டுமே. அவருடைய உடல் தாங்குமா என்ற ஐயம் பரவலாக இருந்தது. 2012இல் அவர் நான்கு ஆண்டுகளுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அது உச்ச ஒப்பந்தத்தைவிட மிகக் குறைவு. அதன்பின் அவர் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவருடைய ஊதியம் குறைவாக இருந்ததும், 2016இல் ஊதிய உச்சவரம்பு வெகுவாக உயர்ந்ததும் சேர்ந்து, கெவின் டுரான்ட் என்னும் மற்றொரு பெரிய வீரரை வாரியர்ஸ் அணி சேர்த்துக்கொள்ள வழி செய்தன. 2017இல் கரி ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 20 கோடியே 10 லட்சம் டாலருக்குப் புதிய ஒப்பந்தம் பெற்றார்.

ரோஸுக்கு உச்ச ஊதியம் கொடுத்த முடிவு மோசமான விளைவைத் தந்தது. கரிக்குக் குறைத்துக் கொடுத்த முடிவு சிறந்த விளைவைத் தந்தது. இதனால் முதல் மேலாளர் அறிவற்றவர் என்றோ, இரண்டாமவர் வருங்காலத்தை அறிந்தவர் என்றோ கூற முடியாது. முடிவின் தரம் வேறு. விளைவின் தரம் வேறு. உண்மை உலகில் ஒரு பருவம் ஒரு முறைதான் நடக்கும். பாவனை லீக்கிலோ அதே பருவத்தை நூறு முறை ஓட்டிப் பார்க்கலாம். நூறில் எண்பது முறை பயன் தந்த முடிவு, ஒரு முறை தோற்றாலும் நல்ல முடிவே. பாவனை லீக் தரும் முதன்மையான பயிற்சி இதுவே ஆகும்.

மேலாளராக அமர்வோம்

கற்றதைப் பயன்படுத்திப் பார்ப்போம். நம் பாவனை லீக்கில் ஊதிய உச்சவரம்பு 100 கோடி ரூபாய். தனி வீரருக்கான கூரை 30 கோடி; குறைந்த ஊதியம் 1 கோடி. நம் அணியில் 10 பேருக்கு 60 கோடி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. மீதம் 40 கோடி. நிரப்ப வேண்டிய இடம் 5. இந்த லீக்கில் ஓர் எறிதலுக்குச் சராசரிப் புள்ளி 1.1. கற்பனை வீரர் நால்வர் நம்முன் நிற்கின்றனர்.

வீரர் அ: வயது 31. 25 எறிதலில் 26 புள்ளி. களவேறுபாடு 1. கேட்கும் ஊதியம் 30 கோடி.

வீரர் ஆ: வயது 25. 17 எறிதலில் 22 புள்ளி. களவேறுபாடு 7. கேட்கும் ஊதியம் 30 கோடி.

வீரர் இ: வயது 27. 10 எறிதலில் 11 புள்ளி. வளையத்தைக் காக்கும் உயரமான தடுப்பாளர். களவேறுபாடு 10. கேட்கும் ஊதியம் 15 கோடி.

வீரர் ஈ: வயது 20. 13 எறிதலில் 14 புள்ளி. களவேறுபாடு கழித்தல் 1. ஆனால் வருங்கால மதிப்பெண் மிக உயர்வு. கேட்கும் ஊதியம் 8 கோடி.

‘அ’ புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுகிறார். ஆனால் 25 எறிதலில் சராசரி வீரர்கள் 27.5 புள்ளி எடுப்பர். அவர் எடுப்பது 26. வயதும் ஏறிவிட்டது. புகழ் பெரிது, இடைவெளி சிறிது. அவருக்கு உச்ச ஒப்பந்தம் பொருந்தாது.

‘ஆ’ எடுக்கும் 22 புள்ளி, அதே 17 எறிதலில் கிடைக்கும் சராசரியான 18.7 புள்ளியைவிட 3.3 கூடுதல். அவர் களத்தில் இருந்தால் அணி முன்னேறுகிறது. வயதும் ஏறுமுகத்தில் உள்ளது. உச்ச ஒப்பந்தத்திற்குத் தகுந்தவர் இவர். ஆனால் இவரைச் சேர்த்தால் மீதமுள்ள 10 கோடியில் நான்கு இடங்களை நிரப்ப வேண்டும்.

‘இ’ நம் காலத்து ரஸ்ஸலைப் போன்றவர். எறிதலில் சராசரியே, களவேறுபாட்டிலோ நால்வரில் முதல்வர். அவர் கேட்பது 15 கோடி மட்டுமே. ‘ஆ’, ‘இ’ இருவரையும் சேர்த்தால் 45 கோடி ஆகும். நம்மிடம் அது இல்லை. ஆகவே இருவருள் ஒருவரையே ஏற்க முடியும்.

இங்கே விடை வீரரிடம் மட்டும் இல்லை. நம் அணியிடமும் உள்ளது. ஏற்கெனவே உள்ள பத்துப் பேரில் வளையத்தைக் காக்க வல்லவர் ஒருவர் இருந்தால், ‘இ’யின் வருகை புதிதாகத் தருவது குறைவு, அப்போது ‘ஆ’வுக்கு உச்ச ஒப்பந்தம் கொடுப்பது முறை. அத்தகையவர் இல்லையென்றால், ‘இ’யைச் சேர்த்து, எஞ்சும் 25 கோடியில் நான்கு தரமான வீரர்களை அமர்த்துவது மேலானது. ஒருவர் உச்ச ஊதியத்திற்குத் தகுதியுடையவர் என்பதும், அதனை நம் அணி கொடுக்க வேண்டும் என்பதும் இரு வேறு செய்திகள்.

‘ஈ’யைப் பற்றிய முடிவை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

எண்கள் காணாதவை

பாவனை லீக்கின் வீரருக்கு மதிப்பெண் திரையில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். உண்மை மனிதரின் நெற்றியில் அவ்வாறு எதுவும் எழுதப்படுவதில்லை. 2014ஆம் ஆண்டு புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, செர்பியாவைச் சேர்ந்த நிக்கோலா யோகிச் 41ஆவதாக அழைக்கப்பட்டார். அவருக்கு முன் நாற்பது பெயர்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. அவரே பின்னர் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023இல் டென்வர் அணிக்கு அதன் முதல் கோப்பையையும் பெற்றுத் தந்தார். பிறர் காணும் முன்பே தோழருக்குரிய வழியைக் காணும் அவருடைய பார்வை, உயரத்தையும் ஓட்ட வேகத்தையும் அளக்கும் கருவிகளில் அகப்படவில்லை.

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை சொல்லும். புள்ளி எத்தனை எனக் கேட்டால் புள்ளியைச் சொல்லும். தடுத்தது எத்தனை என எவரும் கேட்காத காலத்தில் ரஸ்ஸலின் எண் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே உச்ச ஊதியத்தை முடிவு செய்பவர், பட்டியலை ஒரு முறை படித்தபின், அப்பட்டியலில் விடுபட்டது எது என்று மறுமுறையும் பார்க்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

உச்சவரம்பு – மேல் எல்லை
விழுக்காடு – சதவீதம்
தறுவாய் – நேரம், சமயம்
முன்மாதிரி – பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு
களவேறுபாடு – ஒருவர் களத்தில் உள்ளபோதும் இல்லாதபோதும் அணி பெறும் முன்னிலையின் வேறுபாடு

சிந்தித்து விடை எழுதுக

1. ஊதிய உச்சவரம்பு எதற்காக வகுக்கப்பட்டது?
2. 24 வினாடி என்னும் அளவு எவ்வாறு கணக்கிடப்பட்டது?
3. ரஸ்ஸலின் ஒப்பந்தத்தில் இருந்த கூடுதல் ஒரு டாலர் எதனை உணர்த்துகிறது? உம் சொந்த நடையில் எழுதுக.
4. ‘முடிவின் தரம் வேறு, விளைவின் தரம் வேறு.’ இக்கூற்றைப் பாடத்தில் உள்ள இரு வீரர்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.
5. வீரர் ‘ஈ’யை உம் அணியில் சேர்ப்பீரா? சேர்த்தால் ‘ஆ’, ‘இ’ ஆகியோருள் யாரை உடன் சேர்க்க இயலும்? கணக்கிட்டுக் காரணத்துடன் எழுதுக.
6. உம் வகுப்பு அணியிலோ குழுவிலோ, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத பணியைச் சிறப்பாகச் செய்பவர் உண்டா? அவர் இல்லாத நாளில் ஏற்படும் மாற்றத்தை ஒரு பத்தியில் எழுதுக.